வானம் ஒன்று, பஞ்சாங்கம் இரண்டு: சமயமும் அறிவியலும் சந்திக்கும் இடம்

2025 மார்ச் 29 அன்று சனி கும்ப ராசியை விட்டு மீன ராசிக்குப் பெயர்ந்ததாக, இன்றைய வானியல் கணக்கை ஒட்டிச் செல்லும் திருக்கணிதப் பஞ்சாங்கங்கள் குறித்திருந்தன. தொலைக்காட்சிகளில் பன்னிரண்டு ராசிகளுக்கும் பலன் சொல்லி முடித்தார்கள். ஆனால் சனி பகவானுக்குப் பேர்போன திருநள்ளாறு தர்ப்பாரண்யேசுவரர் கோயிலில் அன்று பெயர்ச்சி விழா நடக்கவில்லை. தங்கள் கோயில் பழைய மனப்பாட வாக்கியங்களைக் கொண்டு கணிக்கும் வாக்கியப் பஞ்சாங்கத்தையே பின்பற்றுகிறது, அதன்படி பெயர்ச்சி 2026-இல்தான் வருகிறது என்று நிர்வாகம் முன்கூட்டியே அறிவித்திருந்தது. முந்தைய பெயர்ச்சியிலும் இதே கதைதான். மகரத்திலிருந்து கும்பத்துக்குச் சனி போனது திருக்கணிதப்படி 2023 ஜனவரி 17. திருநள்ளாற்றில் பக்தர்கள் நளதீர்த்தத்தில் திரண்டது அதே ஆண்டு டிசம்பர் 20 அன்று.

இடையில் பதினோரு மாதம். வானத்தில் இருப்பது ஒரே சனி.

அறிவியலும் சமயமும் என்று பேச்செடுத்தாலே கலிலியோ விசாரணையும் டார்வினும் வந்துவிடுவார்கள். நம் ஊரில் என்றால், ராக்கெட் மாதிரியைத் திருமலைக்கு எடுத்துச் சென்று வணங்கும் விஞ்ஞானிகளின் படம் வரும். கடவுள் உண்டா, இல்லையா. நம்பலாமா, கூடாதா என்று அந்தப் பேச்சு போகும். பஞ்சாங்கம் அந்த வழியில் போவதில்லை. இங்கே சமயத்துக்கு வானியல் அன்றாடம் தேவைப்படுகிறது. அது இல்லாமல் ஒரு விரதம்கூடத் தொடங்க முடியாது. சண்டையின் இரு பக்கத்திலும் இருப்பவர்கள் கோயிலுக்குப் போகிறவர்கள், திதி கொடுக்கிறவர்கள். அவர்களுக்குள் இருக்கும் வழக்கு ஒன்றே ஒன்றுதான்: ஏட்டில் உள்ள கணக்கு வானத்தோடு ஒத்துப்போகாதபோது, ஏட்டைத் திருத்தலாமா? நவீன சமூகத்தில் அறிவியலுக்கும் சமயத்துக்கும் உள்ள உறவின் முடிச்சு, என் பார்வையில், இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

பஞ்சாங்கத்தில் ஏதாவது ஒரு நாளின் வரியை எடுத்துக்கொள்ளுங்கள். கிழமை, திதி, நட்சத்திரம், யோகம், கரணம் என்று ஐந்து அங்கங்கள். பக்கத்தில் இரண்டிரண்டாக எண்கள். ‘தசமி 23–14’ என்று இருந்தால், சூரியன் உதித்ததிலிருந்து 23 நாழிகை 14 விநாழிகை வரை தசமி, அதன் பிறகு ஏகாதசி என்று பொருள். ஒரு நாழிகை 24 நிமிடம். ஒரு விநாழிகை 24 விநாடி. காலை ஆறு மணிக்கு உதயம் என்று வைத்துக்கொண்டால், பிற்பகல் 3.18 வரை தசமி. ஏகாதசிக்கு எந்த நாள் பட்டினி இருப்பது, அப்பாவின் சிராத்தம் எந்தத் தேதியில் விழுகிறது, மகளின் முகூர்த்தத்துக்கு நட்சத்திரம் இருக்கிறதா என்பதெல்லாம் இந்த எண்களை நம்பித்தான் முடிவாகின்றன. திதி என்பதோ முழுக்க முழுக்க வானியல் அளவு. சூரியனுக்கும் சந்திரனுக்கும் இடையிலான கோணம் 12 பாகை கூடுவதற்கு ஆகும் நேரமே ஒரு திதி. குருக்களும் வானியலாளரும் ஒரே கோணத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள்.

அந்தக் கோணத்தைக் கண்டுபிடிக்க நம் முன்னோர் வகுத்த வாக்கிய முறை வியக்க வைப்பது. சந்திரன் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. பூமியை நெருங்கும்போது விரைகிறது, விலகும்போது தளர்கிறது. அந்த வேகம் பழைய நிலைக்குத் திரும்ப ஏறக்குறைய 27.55 நாள் ஆகிறது. ஒன்பது முறை அப்படிச் சுற்றினால் 247.99 நாள், கிட்டத்தட்ட முழுதாக 248. ஆகவே 248 நாள்களுக்கும் சந்திரனின் நகர்வை ஒருமுறை கணக்கிட்டு வைத்துவிட்டால் போதும். 249-ஆம் நாள் முதல் அதே பட்டியலை மறுபடி எடுத்துக்கொள்ளலாம். பட்டியலை எண்களாக எழுதி வைக்காமல், மனப்பாடத்துக்கு ஏற்றபடி 248 சின்னஞ்சிறு வாக்கியங்களாக ஆக்கினார்கள். வரருசியின் பெயரால் வழங்கும் சந்திர வாக்கியங்கள் இவை. முதல் வாக்கியம் ‘கீர்ந: ச்ரேய:’. எழுத்துக்கு எண் கொடுக்கும் கடபயாதி முறையில், இதன் முதலெழுத்து க வர்க்கத்தின் மூன்றாவது ஒலி என்பதால் அதற்கு 3; ந-வுக்கு 0, ர-வுக்கு 2, ய-வுக்கு 1. கடைசியிலிருந்து படித்தால் 12, 03. முதல் நாளில் சந்திரன் நகரும் தூரம் 12 பாகை 3 கலை (கலை என்பது பாகையில் அறுபதில் ஒரு பங்கு). 248 நாள் சுழற்சிக்கே ‘தேவரம்’ என்று பெயர் வைத்தார்கள். அந்தச் சொல்லின் எழுத்துகளுக்கு 8, 4, 2. திருப்பிப் படித்தால் 248.

இந்த முறையைக் கையாள்பவருக்கு வானியல் தத்துவம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. அதன் வலிமையும் ஆபத்தும் அங்கேதான் இருக்கின்றன. சென்னை வானாய்வகத்தில் சில ஆண்டுகள் பொறுப்பில் இருந்த ஜான் வாரன் என்ற பிரெஞ்சுக்காரர், 1825-இல் வெளியான தம் ‘கால சங்கலித’ நூலில் ஒரு நிகழ்ச்சியைப் பதிந்திருக்கிறார். புதுச்சேரியில் பஞ்சாங்கம் கணிக்கும் தமிழர் ஒருவரிடம், அவ்வாண்டு மே 31 இரவில் தொடங்கவிருந்த சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டும்படி கேட்டார். அவர் தரையில் சோழிகளைப் பரப்பி, மனத்தில் இருந்த வாக்கியங்களை மட்டும் துணையாகக் கொண்டு, எதையும் எழுதிப் பார்க்காமல் கணக்குப் போட்டார். சித்தாந்தம் எனப்படும் வானியல் கணித நூல்களின் அடிப்படைகள் அவருக்குத் தெரியாது என்று வாரனே குறிப்பிடுகிறார். ஆனாலும் கிரகணத் தொடக்கத்தில் வந்த பிழை 4 நிமிடம். நடுநேரத்தில் 23 நிமிடம். முடிவில் 52 நிமிடம். அதற்கு அறுபது ஆண்டு முன்பு, 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணத்துக்குத் தமிழ்க் கணக்கு இன்னும் நெருங்கி வந்திருக்கிறது. சுக்கிரன் சூரியனைக் கடப்பதைக் காண வந்து புதுச்சேரியில் தங்கிய பிரெஞ்சு வானியலாளர் லெ ஜெந்தீல், கிரகணம் நீடித்த நேரத்தைத் தமிழ்க் கணிதர் 41 விநாடி மட்டுமே குறைத்துச் சொன்னதாகவும், ஐரோப்பாவில் அப்போது சிறந்ததாகக் கருதப்பட்ட டோபியாஸ் மாயரின் அட்டவணை 68 விநாடி கூட்டிச் சொன்னதாகவும் பதிவு செய்தார்.

இவ்வளவு நுட்பமான கணக்கு சனியிடம் மட்டும் ஏன் பதினோரு மாதம் பிந்துகிறது? விடை எளிய பெருக்கல்தான். வாக்கிய முறை ஆரியபடர் வழி வந்தது. 43,20,000 ஆண்டு கொண்ட மகாயுகத்தில் சனி 1,46,564 முறை சுற்றும் என்று அவர் கொண்டார். அதை வகுத்தால் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 10,766 நாள் வரும். இன்றைய அளவீட்டில் அது 10,759 நாள். முப்பது ஆண்டுக்கு நெருங்கிய ஒரு சுற்றில் ஏழே நாள் பிழை. வெறுங்கண்ணால் பார்த்துப் பெற்ற எண் இது என்பதை நினைத்தால் கைகூப்பத் தோன்றுகிறது. ஆனால் ஆரியபடர் நூல் எழுதிய 499-ஆம் ஆண்டிலிருந்து இன்றுவரை சனி ஐம்பது சுற்றுக்கு மேல் முடித்துவிட்டது. ஏழேழு நாளாகச் சேர்ந்தால் கிட்டத்தட்ட ஓர் ஆண்டு. இடையில் வந்த திருத்தங்கள் அதில் ஒரு பகுதியைத்தான் ஈடுசெய்தன. 2023 டிசம்பர் 20 அன்று வாக்கியக் கணக்கில் சனி கும்பத்தின் வாசலில் நின்றபோது, திருக்கணிதக் கணக்கில் அது கும்பத்துக்குள் ஏறக்குறைய எட்டுப் பாகை போயிருந்தது. எட்டுப் பாகை என்பது முழுநிலவைப் போல் பதினாறு நிலவுகளை வரிசையாக அடுக்கினால் வரும் தூரம்.

இப்படிப் பிழை சேரும் என்பது முன்னோருக்குத் தெரியாத செய்தியல்ல. கேரளத்தில் ஏழாம் நூற்றாண்டிலேயே பழைய எண்களைத் திருத்திப் ‘பரஹிதம்’ என்ற முறை வந்தது. அதுவும் வானத்திலிருந்து விலகியபோது, பரமேசுவரர் ஐம்பது ஆண்டுக்கு மேலாகக் கிரகணங்களைப் பார்த்துப் பார்த்துக் குறித்து, 1431-இல் ‘திருக்கணிதம்’ என்ற நூலை எழுதினார். இன்று நாம் நவீனம் என்று எண்ணும் திருக்கணிதத்தின் பெயர் அறுநூறு ஆண்டுப் பழமையானது. அது ஓர் ஆசாரமான நம்பூதிரி வைத்த பெயர்.

அவர் வழிவந்த நீலகண்ட சோமயாஜி, சோம யாகம் செய்த வைதிகர், 1504-ஐ ஒட்டி எழுதிய ‘ஜோதிர்மீமாம்சை’யில் ஒரு பழைய உரைகாரரின் புலம்பலை எடுத்துக்காட்டுகிறார். சித்தாந்தங்கள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. கணக்கு மாறினால் காலம் மாறுகிறது. காலம் தவறினால் வைதிகச் சடங்குகள் கெடுகின்றன. பெரிய ஆபத்தில் சிக்கிக்கொண்டோமே என்பது அந்தப் புலம்பல். நீலகண்டர் அதற்குத் தைரியம் சொல்கிறார். ஐந்து சித்தாந்தங்களும் ஒவ்வொரு காலத்தில் சரியாக இருந்தவைதாம். இப்போது கண்ணுக்குத் தெரிவதோடு எது முரண்படாமல் இருக்கிறதோ அதைத் தேடுங்கள். கிரகணத்தையும் கிரகச் சேர்க்கையையும் பார்த்துச் சோதியுங்கள். தேவைப்பட்டால் புதிதாக ஒன்றை உண்டாக்குங்கள் என்பது அவர் தரும் விடை. சடங்கு கெடக்கூடாது என்ற கவலையிலிருந்தே அவர் சோதனைக்கு வந்து சேருகிறார் என்பதைக் கவனிக்க வேண்டும். சமயக் கடமையே அவரை வானத்தைப் பார்க்க அனுப்புகிறது.

ஆகவே, ஏட்டை மாற்றக்கூடாது என்பது சனாதனமான நிலைப்பாடு அல்ல. திருத்திக்கொண்டே வந்த மரபு ஒரு கட்டத்தில் திருத்துவதை நிறுத்திக்கொண்டது. பிறகு, அந்த நின்றுபோன நிலையே மரபு என்று சொல்லப்பட்டது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னையில் இந்த வழக்கு மீண்டும் சூடுபிடித்தது. நுங்கம்பாக்கத்தில் 1792-இல் எழுந்த வானாய்வகத்தில் பணிபுரிந்தவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. பஞ்சாங்கம் கணிக்கும் குடும்பத்தில் வந்தவர். போக்சன் என்ற ஆங்கிலேய வானியலாளரின் கீழ் உதவியாளராக இருந்து, 1867-இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டுபிடித்தார். ‘ஆர் ரெட்டிகுலி’ என்று இன்றைக்கும் பட்டியல்களில் இருக்கும் விண்மீன் அது. 1872-இல் லண்டன் ராயல் வானியல் கழகத்தின் உறுப்பினரானார். 1868 ஆகஸ்ட் 18-இல் தென்னிந்தியாவைக் கடந்த முழுச் சூரிய கிரகணத்தைப் பார்க்க வனபர்த்திக்குப் போனார். 1871 டிசம்பர் மாத முழுச் சூரிய கிரகணத்தை அவிநாசியில் பார்த்தார். தொலைநோக்கியோடு வாழ்ந்த இந்த வைணவர் 1860-களின் இறுதியில் திருக்கணிதப் பஞ்சாங்கம் ஒன்றை வெளியிடத் தொடங்கினார். மராட்டியத்தில் கேரோ லக்ஷ்மண் சத்ரேயும் காசியில் பாபுதேவ சாஸ்திரியும் இதே காலத்தில் இதே வேலையைச் செய்தார்கள். மூவருக்கும் ஆதாரம் கிரீன்விச் வானாய்வின் அடிப்படையில் இங்கிலாந்தில் அச்சான கடலோடிகளுக்கான அட்டவணை. அந்நிய ஆட்சிக் காலத்தில், ஆள்கிறவனின் அட்டவணையைப் பார்த்து அப்பாவுக்குச் சிராத்தம் செய்வது எத்தனை பேருக்கு உறுத்தியிருக்கும் என்பதைப் புரிந்துகொள்ள முடிகிறது.

எதிர்ப்பாளர்களின் வாதத்தில் சரக்கு இருந்தது. தர்ம சாஸ்திரத்தில் ‘பாண விருத்தி, ரச க்ஷயம்’ என்று ஒரு மரபு உண்டு. பாணம் ஐந்து, ரசம் ஆறு. அறுபது நாழிகை கொண்ட திதி ஐந்து நாழிகை வளரலாம், ஆறு நாழிகை தேயலாம்; 65-க்கு மேலும் போகாது, 54-க்குக் கீழும் வராது. எந்தத் திதி எந்த நாளைச் சேரும் என்ற விரத நிர்ணய விதிகள் பலவற்றை இந்த எல்லையை வைத்தே வகுத்திருக்கிறார்கள். உண்மைச் சந்திரனோ இந்த எல்லையை மதிப்பதில்லை. ஒரு திதி ஏறக்குறைய 67 நாழிகை வரை நீள்கிறது. 50 நாழிகை வரை சுருங்குகிறது. திருக்கணிதத்தை ஏற்றால் விரத விதிகளையும் மீண்டும் எண்ணிப் பார்க்க வேண்டும். அது வெறும் எண் மாற்றம் அல்ல, சாத்திரத்தில் கைவைப்பது.

இந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது என்பது எனக்கு இந்த விஷயத்திலேயே மிகப் பிடித்த பகுதி. சந்திரனைப் பூமி மட்டும் இழுப்பதில்லை, சூரியனும் இழுக்கிறது. அதனால் சந்திரனின் ஓட்டத்தில் இன்னொரு பெரிய அசைவு உண்டாகிறது. அதன் அளவு ஏறக்குறைய ஒன்றேகால் பாகை. அமாவாசையிலும் பௌர்ணமியிலும் இந்த அசைவு முதல் அசைவோடு கலந்து மறைந்துவிடும். இரண்டுக்கும் நடுவில், அஷ்டமியை ஒட்டித்தான் அது முழுதாக வெளிப்படும். நம் கணிதர்கள் சந்திரனைச் சோதித்தது எப்போது? கிரகணத்தில். கிரகணம் வருவது அமாவாசையிலும் பௌர்ணமியிலும் மட்டும். ஆகவே அவர்கள் எண்கள் அந்த இரண்டு நாள்களுக்கு நேர்த்தியாகப் பொருந்தின. இடைப்பட்ட திதிகளில் பிழை சில மணி நேரம் வரை போனது. பத்தாம் நூற்றாண்டில் முஞ்ஜாலர் இந்த இரண்டாவது அசைவுக்கு ஒரு திருத்தம் சொன்னார் என்றாலும், வாக்கியங்களுக்குள் அது நுழையவில்லை. இன்றும் பல வாக்கியப் பஞ்சாங்கங்கள் கிரகண நேரத்தை மட்டும் திருக்கணிதத்திலிருந்து எடுத்துக்கொள்கின்றன. கிரகணம் ஊரே பார்க்கும் காட்சி. அதில் தவறினால் மறைக்க முடியாது. அஷ்டமி எப்போது முடிந்தது என்று அண்ணாந்து பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது.

இது இந்து சமயத்துக்கு மட்டும் உரிய சிக்கல் அல்ல. ஈஸ்டரின் தேதி வசந்த காலச் சமபகலிரவையும் பௌர்ணமியையும் சார்ந்தது. பதினாறாம் நூற்றாண்டில் பழைய ஜூலியன் காலண்டர் பத்து நாள் விலகிவிட்டதால், போப் பதின்மூன்றாம் கிரகோரி 1582 அக்டோபர் 4-க்கு அடுத்த நாளை அக்டோபர் 15 என்று அறிவித்தார். கணக்கை விளக்கி நிறுவியவர் கிளாவியுஸ் என்ற ஏசு சபைத் துறவி. கலிலியோவை 1633-இல் தண்டித்த அதே திருச்சபை, 1655-இல் பொலோனியா நகரின் சான் பெட்ரோனியோ பேராலயத் தரையில் 67 மீட்டர் நீளத்துக்கு ஒரு மத்தியானக் கோடு பதிக்கக் கசீனி என்ற வானியலாளருக்கு இடம் கொடுத்தது. கூரையில் ஒரு துளை. அதன் வழி விழும் சூரிய ஒளியின் அளவையும் இடத்தையும் வைத்துச் சூரியனின் ஓட்டத்தை அவர் அளந்தார். ஓட்டத்தின் வேகம் உண்மையிலேயே கூடிக் குறைகிறது என்று கெப்ளர் சொன்னது சரி என்பதற்கு அந்தக் கோயில் தரையில் ஆதாரம் கிடைத்தது. புரொட்டஸ்டண்ட் இங்கிலாந்து போப்பின் காலண்டரை ஏற்க 1752 வரை காத்திருந்தது; கிழக்குத் திருச்சபைகளில் பல இன்றைக்கும் ஈஸ்டரைப் பழைய கணக்கில்தான் கொண்டாடுகின்றன. சூரியனைப் பற்றி அவர்களுக்குள் கருத்து வேறுபாடு கிடையாது. யாருடைய அதிகாரத்தின் கீழ் நாளை எண்ணுவது என்பதே வழக்கு.

இஸ்லாத்தில் நிலைமை கண்ணாடியில் பார்த்தாற்போல் தலைகீழ். மசூதியிலேயே தொழுகை நேரம் கணிக்க வானியலாளரை அமர்த்திய மரபு அது. டமாஸ்கஸ் உமையா மசூதியில் பதினான்காம் நூற்றாண்டில் அந்தப் பணியில் இருந்த இப்னு அல்-ஷாதிரின் சந்திர மாதிரியும் பின்னாளில் கோப்பர்நிகஸ் தந்த மாதிரியும் கணித அளவில் ஒன்றே. ஆனால் ரமலானைத் தொடங்கப் பிறையைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்பது மரபு. இன்று தமிழ்நாட்டில் தலைமை காஜியின் அறிவிப்புக்காக மக்கள் காத்திருக்கிறார்கள். கணக்கிட்ட ஹிஜ்ரி காலண்டரே போதும் என்பவர்களும் அவர்களிடையே இருக்கிறார்கள். துருக்கி அரசும், 2006 முதல் வட அமெரிக்க ஃபிக்ஹ் (இஸ்லாமியச் சட்ட) கவுன்சிலும் கணக்கையே ஏற்கின்றன. அங்கே கண்ணால் பார் என்பது மரபின் குரல். இங்கே அது சீர்திருத்தத்தின் குரல். ‘அறிவியல் பக்கம்’ என்று ஒரு நிலையான பக்கத்தைக் காட்ட முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

சுதந்திர இந்தியா இந்தச் சிக்கலை அரசின் வழியே தீர்க்க முயன்றது. 1952 நவம்பரில் அமைந்த காலண்டர் சீர்திருத்தக் குழுவுக்குத் தலைவர் மேகநாத் சாஹா, செயலாளர் என்.சி. லாஹிரி. விண்மீன்களின் வெப்பத்தை அவற்றின் ஒளியிலிருந்து அறியும் சமன்பாட்டைத் தந்த சாஹா கடவுள் நம்பிக்கை இல்லாதவர். மாணவப் பருவத்தில் சாதியின் பேரால் விடுதியில் ஒதுக்கி வைக்கப்பட்டவர். எல்லாம் வேதத்திலேயே இருக்கிறது என்ற பெருமைப் பேச்சைக் கடுமையாக எதிர்த்து எழுதியவர். பண்டிகை நாள்களை ஒழுங்குபடுத்தும் வேலை அவரிடம் வந்தது. அவர் அதை அலட்சியமாகச் செய்யவில்லை. நாடெங்கும் வழங்கிய முப்பது காலண்டர்களைக் குழு ஆராய்ந்தது. 1955-இல் வந்த அறிக்கை இந்தியக் கால கணித வரலாற்றுக்கு இன்றும் ஆதார நூல். 1957 மார்ச் 22 அன்று தேசியக் காலண்டர் நடைமுறைக்கு வந்தது. அதைப் பார்க்க சாஹா உயிரோடு இல்லை.

குழு எழுப்பிய பெரிய கேள்வி பருவம் பற்றியது. உத்தராயணம் என்பது சூரியன் வடக்கே திரும்பும் நாள். அது நிகழ்வது டிசம்பர் 21 அல்லது 22. நாம் அதைத் தை முதல் நாளில், ஜனவரி 14 அல்லது 15-இல் கொண்டாடுகிறோம். பூமியின் அச்சு மெல்லச் சுழல்வதால் விண்மீன்களை வைத்து எண்ணும் ஆண்டு பருவங்களிலிருந்து ஏறக்குறைய எழுபது ஆண்டுக்கு ஒரு நாள் நழுவுகிறது. சுமார் ஆயிரத்து எழுநூறு ஆண்டுகளில் சேர்ந்த இடைவெளி அது. இன்னும் விலகாமல் இருக்க, சமபகலிரவுப் புள்ளியிலிருந்து 23 பாகை 15 கலை என்ற இடைவெளியைச் சமயக் காலண்டருக்கு நிலையாக நிறுத்திவிடலாம் என்று குழு பரிந்துரைத்தது. பழைய பண்டிகைகளைப் பிடுங்காமல், இனிமேலாவது நழுவாமல் காக்கும் இணக்கமான யோசனை. பஞ்சாங்கக்காரர்கள் அதை ஏற்கவில்லை. ஆனால் அந்த 23 பாகை 15 கலையை மட்டும் எடுத்துக்கொண்டு, ஆண்டுதோறும் வளரும் அயனாம்சமாக, அதாவது பருவக் கணக்குக்கும் விண்மீன் கணக்குக்கும் இடையிலான கோணமாக, ஆக்கிக்கொண்டார்கள். கைபேசியில் ஜாதகம் போடும் செயலிகள் பெரும்பாலானவற்றில் இருக்கும் ‘லாஹிரி அயனாம்சம்’ அதுதான். நாத்திகர் தலைமையிலான குழுவின் எண் இன்று கோடிக்கணக்கான ஜாதகங்களுக்குள் இருக்கிறது. அவர்கள் வேண்டிக் கேட்டுக்கொண்ட மாற்றம் அறிக்கையில் இருக்கிறது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கிரகத்தின் இடம் துல்லியமாவதால் பலன் துல்லியமாகிவிடாது. திருக்கணிதத்தை ‘விஞ்ஞானப் பஞ்சாங்கம்’ என்று விற்பவர்கள் இந்த இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள். வானியற்பியலாளர் ஜெயந்த் நார்லிகரும் சக ஆய்வாளர்களும் 2008-இல் மகாராஷ்டிரத்தில் ஒரு சோதனை நடத்தினார்கள். படிப்பில் சிறந்த நூறு பேர், அறிவுத்திறன் குறைபாடுள்ள நூறு பேர் ஆகியோரின் ஜாதகங்களைக் கலந்து, பெயர் சொல்லாமல், ஆளுக்கு நாற்பதாகச் சோதிடர்களிடம் கொடுத்தார்கள். முடிவு அனுப்பிய 27 சோதிடர்கள் சரியாகச் சொன்னது 46 சதவீதம். காசைச் சுண்டிப் போட்டாலே ஐம்பது வந்திருக்கும். சனிப்பெயர்ச்சியும் இதையே சொல்லாமல் சொல்கிறது. பதினோரு மாதம் வேறுபடும் இரண்டு தேதிகள் பெயர்ச்சிக்குப் பெயர்ச்சி புழங்கி வருகின்றன. எந்தத் தேதியிலிருந்து பலன் தொடங்கியது என்று வாழ்க்கையைப் பார்த்து எவராலும் தீர்க்க முடியவில்லை. கிரகணத்தில் நான்கு நிமிடம் பிசகினாலும் கண்டுபிடிக்க முடிகிறது. 2001-இல் பல்கலைக்கழகங்களில் சோதிடப் படிப்புக்கு மானியக் குழு வழிவிட்டபோது புஷ்ப மித்ர பார்கவா போன்ற விஞ்ஞானிகள் நீதிமன்றம் வரை போய் எதிர்த்தது இந்த வேறுபாட்டுக்காகத்தான். 2004-இல் உச்ச நீதிமன்றம் மனுவைத் தள்ளுபடி செய்தது. கணிதத்தின் மதிப்பைப் பலனுக்குக் கடன் கொடுப்பதை நான் ஏற்கவில்லை. அதே மூச்சில், கணிதத்தையும் மூடநம்பிக்கை என்று தள்ளுபவர்களையும் ஏற்க முடியவில்லை. சோழி அடுக்கிக் கிரகணம் சொன்ன புதுச்சேரிக்காரர் செய்தது கணிதம்தான்.

தமிழர் வாழும் இடங்களில் இந்த இரட்டை வழக்கு நிலைத்துவிட்டது. யாழ்ப்பாணத்தில் வாக்கியத்துக்கும் திருக்கணிதத்துக்கும் தனித்தனிப் பஞ்சாங்கங்கள். சித்திரைப் புத்தாண்டு பிறக்கும் நேரம் இரண்டு கணக்கிலும் நாளிதழில் வரும். ஒரே குடும்பத்தில் அண்ணன் வாக்கியப்படியும் தம்பி திருக்கணிதப்படியும் அம்மாவின் திதியை அடுத்தடுத்த நாள்களில் செய்வதும் நடக்கிறது. பெரும்பாலான கோயில்கள் வாக்கியத்தில் நிற்பதற்குச் சோம்பல் காரணமல்ல. ஊர் கூடும் நாள் மாறக்கூடாது என்ற எண்ணம் அதில் இருக்கிறது. அந்த எண்ணத்துக்கு மதிப்பு உண்டு. ஆனால் வானத்தோடு ஒத்துப்போக வேண்டும் என்பது வெளியார் திணித்த நிபந்தனை என்ற வாதத்துக்கு மட்டும் இடமில்லை.

ஏட்டைத் திருத்த இயலாது என்பவர்களுக்கு ஒடிசா இருக்கிறது. கண்டபாடாவைச் சேர்ந்த சந்திரசேகர சாமந்தா (1835–1904), மக்கள் வாயில் பதானி சாமந்தா, தொலைநோக்கியின் துணையின்றி, மூங்கிலும் மரக்குச்சியும் கொண்டு தாமே செய்த கருவிகளால் இரவிரவாக வானத்தை அளந்தார். அஷ்டமியில் வெளிப்படும் அந்த அசைவு உட்பட, சந்திரனின் ஓட்டத்துக்குத் தேவையான மூன்று திருத்தங்களைத் தாமே கண்டுபிடித்தார். ஓலையில் எழுதிய அவருடைய ‘சித்தாந்த தர்ப்பணம்’ 1899-இல் கல்கத்தாவில் அச்சேறியது. பூரி ஜெகந்நாதர் கோயிலின் நாள்கணக்கு அவர் கணிதத்தை ஏற்றுக்கொண்டது.

தமிழகத்துப் பஞ்சாங்கக் கணிதர்களும் கோயில் நிர்வாகங்களும் ஒரு சபையில் உட்கார்ந்தால், முதலில் எடுக்க வேண்டியது கூட்டம் கூட்டும் சனிப்பெயர்ச்சியை அல்ல, வீட்டுக்கு வீடு தொடும் திதியை. அதைச் சோதிக்க வழியும் நீலகண்டர் சொன்னதுதான். அஷ்டமியை ஒட்டிய ஓர் இரவில், சந்திரன் ஏதேனும் ஒரு பிரகாசமான நட்சத்திரத்தை மறைக்கும் நேரத்தை இரண்டு கணக்காலும் முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டு பார்க்கலாம். அதற்குச் சாதாரண பைனாகுலர் ஒன்று போதும்.